இரண்டு தேக்கரண்டி எண்ணெய்

மொட்டை மாடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து நடுவில் ஓர் எவர்சில்வர் தட்டை வைத்திருந்தேன். தட்டுக்கு நேர் மேலே, முன்சக்கரம் கழற்றிய சைக்கிளின் ஃபோர்க். அதன் அடிப்பக்கத்து போல்ட்டை மூன்று சுற்று தளர்த்திவிட்டு, போல்ட்டின் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினேன். முதல் தட்டுக்கு ‘ணங்’ என்றது. மூன்றாவது தட்டுக்கு ‘தொப்’ என்று ஓசை இறங்கியது. உள்ளே இறுகியிருந்த தண்டு விட்டுக்கொடுத்துவிட்டது என்று அர்த்தம். போல்ட்டை முழுதாக எடுத்தேன். தட்டில் சொட்டியதை எண்ணெய் என்று சொல்ல மனம் வரவில்லை. பால் தூக்கலாகக் கலந்த காப்பி மாதிரி இருந்தது. இரு விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நறநறத்தது.

காப்பி நிறத்துக்குக் காரணம் தண்ணீர். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் இரண்டையும் ஒரு குழாய்க்குள் அடைத்து லட்சக்கணக்கான தடவை குலுக்கினால், தண்ணீர் நுண்துளிகளாகச் சிதறி எண்ணெய்க்குள் மிதக்கத் தொடங்கும். அந்தத் துளிகள் வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறடிக்கின்றன. அதனால்தான் அந்தப் பால் மங்கல். நறநறப்பு, மணல். இரண்டுமே உள்ளே போக வழியில்லாத இடம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் முன்பு, ஒரு மழை நாள் சவாரி முடிந்து, சேறு அப்பிய சைக்கிளைப் பைக்குகளுக்கு வாட்டர் வாஷ் அடிக்கும் இடத்தில் நிறுத்தினேன். அங்கிருந்த பையன் மேல் தப்பில்லை. பக்கத்தில் நின்று, “ஃபோர்க்ல நல்லா அடிப்பா, சேறு போகட்டும்” என்றது நான்தான். அழுத்தத்தோடு பீய்ச்சிய தண்ணீர் ஒரு மெல்லிய ரப்பர் உதட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டது.

மலைச் சைக்கிளின் ஃபோர்க்கைப் பிரித்துப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹேண்டில்பாருக்குக் கீழே இறங்கும் பளபளப்பான இரண்டு அலுமினியக் குழாய்கள் உண்டு. சக்கரத்தின் அச்சைப் பிடித்திருக்கும் இரண்டு கால்கள் உண்டு. பெரும்பாலும் மெக்னீசியக் கலப்புலோகத்தில், இரண்டையும் இணைக்கும் வளைவோடு சேர்த்து ஒரே வார்ப்பாகச் செய்தவை. குழாய்கள் அந்தக் கால்களுக்குள் வழுக்கி இறங்கி ஏறும். பார்க்க இரட்டைப் பிள்ளைகள். உள்ளே வேலையோ வேறு வேறு. இன்று பரவலாக இருக்கும் ராக்‌ஷாக்ஸ், ஃபாக்ஸ் ஃபோர்க்குகளில், ஓட்டுபவரின் இடக்கை பக்கத்தில் இருப்பது காற்று ஸ்பிரிங். வலக்கை பக்கத்தில் இருப்பது டாம்ப்பர். ஒன்று அடியை வாங்கித் திருப்பித் தரும். மற்றது வாங்கியதைத் திருப்பித் தராமல் தின்றுவிடும்.

மலைச் சைக்கிள் விளையாட்டின் ஆதிகாலத்துப் பெயர்களில் ஒன்று, ஒரு சர்வீஸ் வேலையிலிருந்தே வந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் கவுண்டியின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ஒரு செங்குத்தான மண்பாதை. அதில் 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் ஒரு பந்தயம் வைத்தார்கள். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி என்று பின்னால் மலைச் சைக்கிள் வரலாற்றில் இடம்பிடித்தவர்கள் எல்லாம் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஓட்டியது கனத்த டயர் போட்ட, அந்தக் காலத்துக்கே பழசாகிவிட்ட சைக்கிள்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே பிடிக்கும் பிரேக். பாதை மூன்றரை கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 400 மீட்டர் இறங்குகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ. 400 மீட்டர் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் சுமார் 350 கிலோஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். கொஞ்சம் காற்றோடு போகும். மீதியில் பெரும்பங்கு கைப்பிடி அளவுள்ள ஒரு ஹப்புக்குள் போய் இறங்கினால் என்ன ஆகும்? உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து ஆவியாகிவிடும். கீழே வந்து சேர்ந்ததும் ஹப்பைப் பிரித்து, துடைத்து, புதுக் கிரீஸ் அடைத்தால்தான் மறுபடி ஓட்ட முடியும். மறுபடி அடைப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ரீபேக்’. பாதைக்கும் பந்தயத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது.

அந்தச் சைக்கிள்களில் சஸ்பென்ஷன் கிடையாது. முழங்கையும் முழங்காலும்தான் சஸ்பென்ஷன். 1989இல் பால் டர்னர் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். மோட்டோகிராஸ் உலகிலிருந்து வந்தவர், ஹோண்டாவில் மெக்கானிக்காக இருந்தவர். அவருடைய முதல் ஃபோர்க்கான ஆர்.எஸ்.-1 ஏறக்குறைய 5 செ.மீ. மட்டுமே அமுங்கியது. இன்று செங்குத்துச் சரிவுகளுக்கான ஃபோர்க்குகள் 16, 17 செ.மீ. அமுங்குகின்றன. ஆனால் அந்த 5 செ.மீ. போதுமானதாக இருந்தது. 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டியில், இறக்கப் பிரிவில் கிரெக் ஹெர்போல்ட் அந்த ஃபோர்க்கோடு வென்றார். பிறகு சஸ்பென்ஷன் தேவையா என்ற பேச்சு மெல்ல ஓய்ந்தது. மோட்டார் சைக்கிளிலிருந்து வந்த சாதனம் மோட்டார் சைக்கிளின் பராமரிப்புத் தேவையையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தது. அதைத்தான் நம்மில் பலர் கவனிக்கவில்லை.

காற்று எப்படி ஸ்பிரிங் ஆகிறது? 1660இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ‘காற்றின் ஸ்பிரிங்’ என்ற சொல் இருக்கிறது. காற்றை அழுத்தினால் அது திமிறும், விட்டால் விரியும் என்பதை அவர் ஒரு பம்ப்பின் உதவியோடு காட்டினார். கன அளவைப் பாதியாக்கினால் அழுத்தம் இரு மடங்காகும் என்ற விதி 1662இல் வந்த மறுபதிப்பில் சேர்ந்தது. அந்தப் பம்ப்பைச் செய்து கொடுத்த உதவியாளர் ராபர்ட் ஹூக். பின்னாளில் உலோகச் சுருளுக்கான விதியைச் சொன்ன அதே ஹூக்தான். இழுத்த அளவுக்கு ஏற்ற விசை என்று போகிற சுருள் ஸ்பிரிங் ஹூக்கின் பிள்ளை. கடைசியில் போகப்போக முரட்டுத்தனமாக எதிர்க்கும் காற்று ஸ்பிரிங் பாயிலின் பிள்ளை. சைக்கிள் கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் விற்கின்றன.

குழாயின் உள்விட்டம் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 80 பி.எஸ்.ஐ. காற்று அடைத்தால், பிஸ்டனைக் கிட்டத்தட்ட 40 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளுகிறது. ஃபோர்க்கைத் திறக்குமுன் காற்றை இறக்கு என்று எல்லாக் கையேடும் முதல் வரியிலேயே கத்துவது இதனால்தான். சும்மா இருக்கும்போதே 40 கிலோ. அந்த நிலையில் மேல் மூடியைக் கழற்ற முயன்றால் மூடி முகத்தை நோக்கி வரும்.

டாம்ப்பர் பக்கத்தில் நடப்பது வேறு கதை. ஒரு பிஸ்டனில் சிறு துளைகள்; அவற்றை மூடிக்கொண்டு காகிதம் போல் மெல்லிய எஃகு வில்லைகள். ஃபோர்க் அசையும்போது எண்ணெய் அந்த இடுக்குகளில் நெருக்கியடித்துப் போக வேண்டும். போகும்போது ஏற்படும் உள்ளுரசலில் ஆற்றல் வெப்பமாகிறது. 85 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் சுமார் 830 ஜூல். முன்பக்கத்துக்குப் பாதி, அதாவது 400 என்று வைத்து, அது முழுவதும் 100 மி.லி. எண்ணெய்க்குள் போனால் அதன் வெப்பநிலை இரண்டு, மூன்று டிகிரி ஏறும். ஒரு குதிக்கு அவ்வளவுதான். நீண்ட இறக்கத்தில் நூறு குதி, ஆயிரம் குலுக்கல் என்று சேரும்போது எண்ணெய் கையால் உணரும் அளவுக்குச் சூடேறி, இளகி, பிடிப்பு குறையும்.

ஆனால் என் தட்டில் சொட்டியது இந்த இரண்டில் எதுவும் இல்லை. காற்று ஸ்பிரிங்கும் டாம்ப்பரும் தத்தம் உறைக்குள் பத்திரமாக மூடிக்கிடந்தன. சொட்டியது கால்களின் அடியில் தேங்கி, குழாயும் காலும் உரசும் இடத்தை நனைப்பதற்காக மட்டும் ஊற்றி வைக்கும் எண்ணெய். என் ஃபோர்க்குக்கு ஒரு காலுக்கு 10 மி.லி. இரண்டு தேக்கரண்டி.

புது எண்ணெயை ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது, டார்க் ரெஞ்ச் கொடுக்க வந்த மெக்கானிக் அண்ணன் எட்டிப் பார்த்தார். தெருமுனையில் புல்லட் வேலை பார்ப்பவர்.

“ஏனுங் தம்பி, கொழந்தைக்கு டானிக் ஊத்தற மாதிரி ஊத்தறீங்க? கால் லிட்டராச்சும் வேண்டாமுங்களா?”

“இதுக்கு இவ்வளவுதானுங்ணா.”

அவர் நம்பவில்லை. அவர் அனுபவத்தில் அது நியாயமான சந்தேகம். பழைய பாணி மோட்டார் சைக்கிள் ஃபோர்க்கில் ஒரே எண்ணெய்தான் உரசலையும் குறைக்கிறது, டாம்ப்பர் துளைகளிலும் பாய்கிறது. அதனால் ஒரு காலுக்கே நூற்றுக்கணக்கான மி.லி. வேண்டும். சைக்கிளில் எடையைக் குறைக்க வேண்டுமென்பதால் டாம்ப்பருக்குத் தனி எண்ணெயைத் தனிச் சிறையில் பூட்டிவிட்டு, வெளியே நனைப்பதற்கு மட்டும் சொட்டு எண்ணெய் விட்டிருக்கிறார்கள். இருக்கட்டுமே என்று தாராளமாக ஊற்றினாலும் வம்புதான். காலின் அடியில் அடைபட்டிருக்கும் காற்றுக்கு இடம் குறையும், எண்ணெயோ அமுங்காது. ஃபோர்க் முழுதாக இறங்குவதற்குள் உள்ளே அழுத்தம் எகிறி, கடைசி சில சென்டிமீட்டர் பயணம் கிடைக்காமலே போகும். எண்ணெய்க் கடையில் ‘ஃபோர்க் ஆயில்’ என்று பொதுவாகக் கேட்டு வாங்குவதும் ஆபத்து. டாம்ப்பருக்கு ஓடுகிற எண்ணெய் வேண்டும். கால்களுக்குச் சுவரில் ஒட்டுகிற எண்ணெய் வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் 5, 10, 15 என்ற எண்கள் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அர்த்தம் தருவதும் இல்லை. உங்கள் ஃபோர்க்கின் மாடலும் ஆண்டும் போட்ட கையேட்டில் என்ன எண்ணெய், எத்தனை மி.லி. என்று இருக்கிறதோ அதுதான் வேதம்.

அந்த இரண்டு தேக்கரண்டி என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள, வீட்டில் பீரோ நகர்த்திய அனுபவம் போதும். முதலில் அசையவே அசையாது. மூச்சைப் பிடித்துத் தள்ளினால் சட்டென்று நகரும்; நகர்ந்த பிறகு அவ்வளவு பலம் தேவைப்படாது. நிற்கும் பொருளை அசைக்கத் தேவையான விசை, அசைகிற பொருளை அசைய வைக்கும் விசையைவிட அதிகம். ஃபோர்க்கிலும் இதே பிடிவாதம் உண்டு. சின்னக் கல்லில் சக்கரம் மோதும்போது வரும் விசை அந்த முதல் பிடிவாதத்தைத் தாண்டவில்லை என்றால், ஃபோர்க் அசையாது. அடி நேராக உள்ளங்கைக்கு வரும். ஒரு மணி நேர இறக்கத்துக்குப் பிறகு விரல்கள் மரத்துப்போவதை ‘வயசாகிவிட்டது’ என்று நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். வயசு எண்ணெய்க்கு ஆகியிருந்தது.

ஜெர்மன் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902இல் வெளியிட்ட தாங்கி ஆய்வுகள் இதற்கு ஒரு வரைகோடு தந்தன. எண்ணெய் பூசிய இரண்டு பரப்புகள் மெதுவாக நகரும்போது, மேடுகள் ஒன்றையொன்று நேரடியாகத் தொடுகின்றன; உரசல் அதிகம். வேகம் கூடக்கூட எண்ணெய் இடையில் இழுபட்டு ஒரு படலமாகி இரண்டையும் தூக்கிப் பிரிக்கிறது. உரசல் சரசரவென்று இறங்குகிறது. இன்னும் வேகம் கூடினால் எண்ணெயின் சொந்தக் குழைவே தடையாகி உரசல் மெல்ல ஏறும். கார் எஞ்சினில் சுழலும் தண்டு இந்தக் கோட்டின் நல்ல பகுதியில் சுகமாக வாழ்கிறது. ஃபோர்க்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது போய்த் திரும்பும் பொருள். ஒவ்வொரு ஏற்றத்தின் உச்சியிலும் ஒவ்வொரு இறக்கத்தின் அடியிலும் ஒரு கணம் நின்றாக வேண்டும். நிற்கிற கணத்தில் படலம் போய்விடுகிறது.

எத்தனை முறை நிற்கிறது? மரவேர்கள் மீட்டருக்கு ஒன்றாகக் கிடக்கும் தடத்தில் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போனால், நொடிக்கு ஐந்து முறை இறங்கி ஏறும். பத்து முறை நிற்கும். ஒரு மணி நேரத்தில் 36,000. ராக்‌ஷாக்ஸ் கால்களின் எண்ணெயை மாற்றச் சொல்லி வந்திருக்கும் கணக்கு 50 மணி நேரம். அப்படியே பெருக்கினால் 18 லட்சம் நிறுத்தங்கள். ஃபாக்ஸ் சொல்வது 125 மணி நேரம், அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அது. இரண்டுமே உத்தேசம்தான். மழையில் சேற்றில் ஓட்டிய பத்து மணி நேரம், காய்ந்த பாதையில் ஓட்டிய ஐம்பது மணி நேரத்தைவிட மோசம் என்பது என் தட்டு சொன்ன தீர்ப்பு.

மணல் எப்படி இவ்வளவு கெடுதல் செய்கிறது என்பது சுவையான சங்கதி. காலின் உட்புறம் மேலும் கீழுமாக இரண்டு புஷ்கள் இருக்கும். அவற்றின் உள்முகம் வழவழப்பான பாலிமர் பூச்சு. அதில் வழுக்குகிற அலுமினியக் குழாயின் மேல் கடின ஆனோடைசிங் என்ற ஆக்சைடு அடுக்கு. தடிமன் மனித முடியைவிடக் குறைவு, ஆனால் கெட்டியானது. பளிச்சென்று யாரும் சொல்வார்கள், மணல் வந்தால் மெத்தென்ற புஷ்தான் தேயும் என்று. நடப்பது தலைகீழ். மணல் துகள் மெத்தென்ற பரப்பில் புதைந்து அங்கேயே குடியேறிவிடுகிறது. இப்போது புஷ் ஒரு உப்புத்தாள். எதிரே கெட்டியான குழாய் ஒரே இடத்தில் லட்சம் முறை தேய்கிறது. வைரம் பட்டை தீட்டும் பட்டறையிலும் இதே தந்திரம்தான்: வைரத்தைவிடப் பலமடங்கு மென்மையான வார்ப்பிரும்புத் தட்டில் வைரப் பொடியைப் பதித்து, அதைக்கொண்டு வைரத்தையே தேய்க்கிறார்கள். ஆக்சைடு அடுக்கு ஒருமுறை தேய்ந்து கீழே உள்ள வெறும் அலுமினியம் தெரிந்துவிட்டால், அந்தக் குழாய்க்கு வைத்தியம் கிடையாது. தொகுதியோடு மாற்ற வேண்டும். அந்த விலைக்கு நல்லதொரு சாதாரண சைக்கிளே வாங்கலாம்.

இந்த மணலுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே காவல் நிற்பது ஒரு ரப்பர் சீல். அதற்கு இரண்டு உதடுகள்: வெளியுதடு தூசியை வழிக்கும், உள்ளுதடு எண்ணெயைத் தடுக்கும். சீலுக்குக் கீழே எண்ணெயில் ஊறிய ஒரு நுரை வளையம். குழாய் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அதன்மேல் மெல்லிய எண்ணெய் பூசி அனுப்புவது அதன் வேலை. நெற்றியில் ஈரத்துணி போடுவது மாதிரி. அது காய்ந்துவிட்டால் சீலும் புஷ்ஷும் வறண்டுபோகும். சவாரிக்குக் கிளம்புமுன் சைக்கிளைச் சில நிமிடம் தலைகீழாக நிறுத்தி வைப்பவர்களைப் பார்த்தால் சிரிக்காதீர்கள். அடியில் தேங்கிய எண்ணெய் இறங்கி வந்து நுரை வளையத்தை நனைக்கட்டும் என்றுதான்.

வேலைக்கு வருவோம். முதலில் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: இப்போது எத்தனை பி.எஸ்.ஐ. இருக்கிறது, அமுங்கிய ஃபோர்க் எழும் வேகத்துக்கான ரீபவுண்டு குமிழ் எத்தனை ‘க்ளிக்’கில் நிற்கிறது. பிரித்த பிறகு நினைவுக்கு வராத எண்கள் இவை. முன்சக்கரத்தையும் பிரேக் காலிப்பரையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காற்றை முழுக்க இறக்குங்கள். அடி போல்ட்டுகளைத் தளர்த்தும்போது முழுதாகக் கழற்றிவிட்டுத் தட்டக்கூடாது. மூன்று நான்கு சுற்று தளர்த்தி, போல்ட் தலை வாங்கும்படி தட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடி தண்டின் மரையில் விழும். உள்ளே இருக்கும் தண்டின் நுனி காலின் துளையில் இறுகப் பொருந்தியிருக்கிறது. அதை விடுவிப்பதற்குத்தான் இந்தத் தட்டு. விட்டதும் கால்கள் இரண்டும் சேர்ந்து கீழே உருவி வந்துவிடும். வராவிட்டால் காலின் இரு பக்கமும் பிடித்து ஆட்டி இழுக்கலாம். வளைவில் சுத்தியலால் அடிக்கிற வேலை மட்டும் வேண்டாம். மெக்னீசிய வார்ப்பு விரிசல் விட்டால் கதை முடிந்தது.

சுத்தம் செய்வதில்தான் பாதி வேலை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நனைத்த, நூல் பிரியாத துணியை ஒரு மெல்லிய கம்பில் சுற்றி, காலுக்குள் விட்டுத் துடைத்து எடுங்கள்; துணி வெள்ளையாக வரும்வரை. என் விஷயத்தில் ஏழு துணி ஆனது. பெட்ரோல் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். பிறகு மேலே நிற்கும் குழாய்களை வெளிச்சத்தில் மெதுவாகப் பாருங்கள். கண்ணைவிட நகம் நம்பகமானது. நகத்தைக் குழாயின் மேல் இழுக்கும்போது எங்காவது தட்டுகிறதா? தட்டினால் கீறல். தட்டாமல் கண்ணுக்கு மட்டும் தெரியும் பளபளப்புக் கோடு என்றால் தேய்வின் தொடக்கம். என் குழாயின் பின்பக்கத்தில், நடுவுக்குக் கொஞ்சம் கீழே, அப்படி ஒரு விரல் அகலப் பளபளப்பு இருந்தது. தப்பித்தேன்.

பழைய நுரை வளையங்களைப் பிழிந்து பார்த்தபோது அவையும் காப்பியைத்தான் கக்கின. புது வளையங்களைக் கிண்ணத்து எண்ணெயில் ஊறப்போட்டேன், வடைக்கு உளுந்து ஊறுவது போல அரைமணி நேரம். சீலின் உதடுகளுக்கு இடையே சஸ்பென்ஷனுக்கான கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு. சக்கர பேரிங்குக்குப் போடும் கெட்டிக் கிரீஸைப் போட்டால், நாம் ஒழிக்க வந்த பிடிவாதத்தையே திரும்ப வரவழைத்த மாதிரி.

கால்களைத் திரும்ப மாட்டும்போது, குழாயின் விளிம்பு சீலின் உதட்டை உள்பக்கமாக மடக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் மடங்கினாலும் முதல் சவாரியிலேயே எண்ணெய் வெளியே வந்துவிடும். பாதி தூரம் ஏற்றி, தண்டுகள் அடியைத் தொடுமுன் நிறுத்தி, ஃபோர்க்கைச் சாய்த்து, அடித் துளை வழியாகச் சிரிஞ்சால் எண்ணெயை விடுங்கள். பிறகு முழுக்கத் தள்ளினால் தண்டின் நுனிகள் துளையில் எட்டிப் பார்க்கும். போல்ட்டோடு வரும் வாஷர் ஒருமுறை நசுங்கி அடைப்பதற்கானது. பழையதைப் போட்டால் கசியும். ராக்‌ஷாக்ஸில் இந்தப் போல்ட்டுக்கு 7.3 நியூட்டன் மீட்டர். அது எவ்வளவு என்றால், 15 செ.மீ. நீளச் சாவியின் நுனியில் 5 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு. கைவேகத்தில் இறுக்கிப் பழகியவர்கள் இதைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள். உள்ளே மாட்டியிருப்பது மெல்லிய அலுமினியத் தண்டு என்பது வெளியிலிருந்து தெரியாது. மெக்கானிக் அண்ணனிடம் நான் ரெஞ்ச் கேட்டது அதற்குத்தான்.

காற்றை அடைக்குமுன் ஒரு சின்ன விஷயம், மலைக்காரர்களுக்கு முக்கியமானது. கால்களை மாட்டும்போது, எண்ணெயோடு கூடவே அந்த ஊர்க் காற்றும் உள்ளே அடைபடுகிறது. நான் இருக்கும் கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். இங்கே வளிமண்டல அழுத்தம் 965 மில்லிபார் என்றால் அங்கே 770 சொச்சம். இங்கே மாட்டிய ஃபோர்க்கை அங்கே கொண்டுபோனால், உள்ளே இருக்கும் கோவைக் காற்று வெளியே உள்ள ஊட்டிக் காற்றைவிடத் திமிராக இருக்கும். 35 மி.மீ. குழாய்க்கு அந்த வித்தியாசம் ஒரு காலுக்கு ஏறக்குறைய 2 கிலோ, இரண்டுக்கும் 4 கிலோ. ஊட்டிக் குளிர் உள்காற்றையும் சுருக்குவதால் இதில் ஒரு பகுதி தள்ளுபடி. மீதி விசை முதல் சில மில்லிமீட்டர் அமுங்கலைத் தடுத்துக்கொண்டு நிற்கும். ஃபோர்க் காரணமில்லாமல் விறைத்துப்போனது போலத் தோன்றும். புது உயர்ரக ஃபோர்க்குகள் சிலவற்றில் இதற்கென்றே காலின் பின்னால் ஒரு சிறு வால்வு வைக்கிறார்கள், அமுக்கினால் ‘புஸ்’. என்னுடையதில் இல்லை. எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டை (ஜிப் டை) ஒன்றை, வழவழப்பான பக்கம் குழாயைத் தொடும்படி, சீலின் உதட்டுக்குள் கவனமாகச் செருகி எடுத்தால் அதே ‘புஸ்’ கேட்கும். கூர்மையான எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாக, சீட்டில் எழுதிய அழுத்தத்துக்குக் காற்று. அடைக்கும்போது நடுநடுவே ஃபோர்க்கை அமுக்கி விடுங்கள். பிஸ்டனின் இரண்டு பக்க அறைகளும் சமமாக வேண்டும். ஏறி உட்கார்ந்தால் மொத்தப் பயணத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கினால் தொடங்குவதற்குச் சரி. அன்று மாலை ஹேண்டில்பாரில் ஒரு விரலால் அழுத்திப் பார்த்தேன். முன்பெல்லாம் டக்கென்று ஒரு படியாக இறங்கும். இப்போது விரலின் எடைக்கே மெல்ல இறங்கி மெல்ல எழுந்தது. கொடுத்த விலை நுரை வளையம், வாஷர், எண்ணெய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

இந்தத் தைரியத்தில் டாம்ப்பரையும் பிரித்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம், முதல் தடவை வேண்டவே வேண்டாம். கைத்திறமை பற்றிய சந்தேகம் இல்லை இது, ஒரு குமிழியைப் பற்றிய எச்சரிக்கை. எண்ணெயைத் திரும்ப நிரப்பும்போது கடலை அளவு காற்றுக்குமிழி உள்ளே தங்கினாலும், அது பிஸ்டன் துளையைக் கடக்கும் கணத்தில் தடையே இருக்காது. காற்று எண்ணெயைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நீர்த்தது. பிடித்திருந்த கை சட்டென்று நழுவியது போல ஃபோர்க் துள்ளும். குமிழியை வெளியேற்றத் தனிச் சிரிஞ்சுகளும் பொருத்திகளும் வேண்டும். காற்று ஸ்பிரிங்கின் சீல்களை மாற்றுவது நடுத்தரம். கால்களை இரண்டு முறை சரியாகப் பிரித்து மாட்டியவர்கள் கையேட்டை வைத்துக்கொண்டு இறங்கலாம்.

சைக்கிளை இனி வாட்டர் வாஷுக்கு விடுவதில்லை. வாளித் தண்ணீர், பழைய துணி, ஒரு பெயின்ட் பிரஷ். சவாரி முடிந்ததும் குழாய்களை ஒருமுறை துடைத்து, சீலின் மேல் உட்கார்ந்திருக்கும் தூசி வளையத்தை எடுத்துவிடுகிறேன். அரை நிமிட வேலை.

தட்டில் மிச்சமிருக்கும் காப்பியைச் சாக்கடையிலோ செடி அடியிலோ ஊற்றிவிடாதீர்கள். ஒரு பாட்டிலில் சேர்த்து வைத்து, பைக் மெக்கானிக் கடையில் கழிவு எண்ணெய்க்கென்று வைத்திருக்கும் டின்னில் கொண்டுபோய் ஊற்றுங்கள். கொஞ்சம்தான் இருக்கிறது என்று அவர் சிரித்தாலும் பரவாயில்லை.